ஐந்து கிலோவில் ஏகே-47ஐத் தடுக்கும் கேடயம் ஏன் இல்லை?

ஜூன் 3, காலை. வாசகர் கேள்வி

போலீஸ், கமாண்டோ வீடியோக்களில் வரும் கேடயங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பிடித்திருப்பவர் தள்ளாடித் தள்ளாடித்தான் நடக்கிறார். கார்பன் ஃபைபர், கிராஃபீன் என்று தினமும் செய்தி வருகிறது. ஆனாலும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி, ஏகே-47ஐத் தடுக்கிற மாதிரி, ஐந்து கிலோவுக்குள் ஒரு கேடயம் ஏன் இல்லை? பொருள் இல்லையா, மனசு இல்லையா?

ஜூன் 3, மதியம்

மனசு இருக்கிறது. பொருளும் ஓரளவு இருக்கிறது. கணக்குதான் இடிக்கிறது.

நான் கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் பிரஸ்ஸில் நின்றவன். நாரும் பிசினும் சேர்ந்த ஷீட்டை அடுக்கி, சூடாக்கி, அழுத்தி, தட்டு எடுப்பது வேலை. நடுவில் கேடயமும் கொஞ்சம் செய்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

60க்கு 90 செ.மீ. என்று ஒரு சாதாரணக் கேடயம் எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 0.54 சதுர மீட்டர். கால் அங்குலக் கவச எஃகில் செய்தால் ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 50 கிலோ. ஆகக் கேடயம் 27 கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது எவ்வளவு கனமோ, அதைவிட மூன்று கிலோதான் குறைவு. அதை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இருட்டில் கதவைத் திறக்க வேண்டும்.

இப்போது பாலிஎத்திலீன். பால் கவர், பிளாஸ்டிக் குடம் எல்லாம் செய்கிற அதே குடும்பம். ஆனால் மூலக்கூறு மிக நீளமானது. அதை நாராக இழுத்து, ஒரு அடுக்கு நெடுக்கு, ஒரு அடுக்கு குறுக்கு என்று வைத்து அழுத்தியது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வருவது இதுதான். தண்ணீரில் மிதக்கும். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஆறு கிலோ போதும். ரைஃபிளுக்கு அது இருபதை நெருங்கிவிடும். ஆக, இதே அளவுக் கேடயம் வெறும் தட்டாகவே முதலாவதில் 3 கிலோ சொச்சம், இரண்டாவதில் 11 கிலோ.

ஏன் இந்த வித்தியாசம் என்றால், 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவின் ஆற்றல் வேகமான வகையிலேயே 700 ஜூலுக்குச் சற்று மேல்தான். ஏகே-47 தோட்டா 2,000. நேட்டோ நாடுகளின் 7.62 மி.மீ. எம்80 தோட்டா 3,400. இந்தக் கடைசியைத் தடுத்துவிட்டால் அதைவிடச் சின்னதை எல்லாம் தடுத்த மாதிரிதான்.

ஜூன் 3, இரவு

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் பட்டறை முதன்முதலில் செய்த மாதிரிக் கேடயம் தராசில் 9 கிலோ 200 கிராம் காட்டியது. எல்லோருக்கும் பெருமை பிடிபடவில்லை. பார்வையிட வந்த குழுவில் வயதான ஏட்டு ஒருவர் இருந்தார். எடுத்துப் பார்த்தார், இரண்டு நடை நடந்தார், சுவரில் சாய்த்து வைத்தார். "நல்லாத்தான் இருக்கு சார். யாரு தூக்குறது?"

அதற்குப் பிறகு தராசு காட்டும் எண்ணை நான் நம்புவதே இல்லை.

ஜூன் 5

"9 கிலோ ஒரு எடையா? என் பையன் ஜிம்மில் இருபது தூக்குகிறான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

உடம்போடு ஒட்டித் தூக்குவது வேறு, முன்னால் நீட்டிப் பிடிப்பது வேறு. எட்டு கிலோ கேடயத்தின் எடை மையம் முழங்கையிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால், அந்த மூட்டில் விழும் திருப்பு விசை 24 நியூட்டன் மீட்டர் வரும். அந்த மையத்தை உடம்புப் பக்கம் 10 செ.மீ. கொண்டுவந்தால் 16 ஆகிவிடும். ஒரு கிராம் கூடக் குறைக்காமல் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பொருளில் இந்த அளவு மிச்சம் பிடிக்க ஆராய்ச்சிக்கூடங்கள் இருபது வருடம் உழைக்கின்றன.

சோதித்துப் பார்க்கலாம் என்று நேற்று மாலை ஒரு பிளைவுட் பலகை வெட்டினேன். பின்னால் மணல் பைகளை ஒட்டி எட்டு கிலோ ஆக்கினேன். கைப்பிடி நடுவில். அக்கா பையனிடம் கொடுத்து, மூன்று மாடி ஏறச் சொன்னேன், கண் மட்டத்திலிருந்து இறக்காமல். முதல் மாடித் திருப்பத்தில் பலகை மார்புக்கு இறங்கியது. இரண்டாவதில் தொப்பைக்கு. மூன்றாவது மாடிக்கு ஆள் வந்தான், கேடயம் தொடையில் இடித்துக்கொண்டு வந்தது. "மாமா, இதுக்கு சுடுறவனே பரவாயில்ல" என்றான்.

அவனும் ஜிம்முக்குப் போகிறவன்தான்.

ஜூன் 6

3ஆம் தேதி மதியம் எழுதியதில் கடைசி வரி தப்பு. பெரியதைத் தடுத்தால் சின்னதையும் தடுக்கும் என்று எழுதிவிட்டேன். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தவன் எழுதக்கூடாத வரி.

எம்855 என்று ஒரு 5.56 மி.மீ. தோட்டா உண்டு. முனையில் பச்சை நிறம் பூசியிருக்கும். எடை நான்கு கிராம், ஆற்றல் 1,800 ஜூல் போல, அதாவது எம்80இல் பாதி. ஆனால் உள்ளே கூரான எஃகுத் துண்டு இருக்கிறது. எம்80ஐத் தாங்கும் தனிப் பாலிஎத்திலீன் தட்டுகள் பல இந்தச் சின்னதிடம் தோற்றுவிடும். ஈயத் தோட்டா நாரில் பட்டதும் காளான் மாதிரி விரியும். விரிந்தால் நிறைய நார் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும். எஃகு முனை விரியாது, நாரை ஒதுக்கிக்கொண்டு போய்விடும்.

எஃகுத் தட்டில் கதை தலைகீழ். அது எம்855ஐத் தடுக்கும். ஆனால் அதே துப்பாக்கியில் போடும் பழைய எம்193, வெறும் ஈயம்தான், வேகம் மிக அதிகம் என்பதால் பல எஃகுத் தட்டுகளை ஓட்டை போட்டுவிடும்.

ஆகவே "இது எந்த லெவல்?" என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தத் தோட்டா, எந்த வேகம் என்று கேட்க வேண்டும். கவசங்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.ஜே. 2023இல் வெளியிட்ட புதிய வரிசையில் ரைஃபிளை மூன்றாகப் பிரித்ததே இதனால்தான். முதல் வகுப்பில் எம்80, எம்193, ஏகே தோட்டா. இரண்டாவதில் அவற்றோடு எம்855. மூன்றாவது கவசம் துளைப்பது.

எஃகு முனையை உடைக்க முன்னால் செராமிக், அதாவது பீங்கான் வகையில் கடினமான ஓடு, வேண்டும். செராமிக் என்றால் எடை மறுபடி ஏறும். கைதவறிக் கீழே போட்டால் விரிசல் விடும், வெளியே தெரியாது. தெரியாத விரிசலோடு ஒருவர் உள்ளே போவார். அதனால் சின்னச் சின்ன அறுகோண ஓடுகளாகப் பதிக்கிறார்கள். ஒன்று உடைந்தாலும் பக்கத்து ஓடு நிற்கும்.

ஜூன் 9

எடையைப் பற்றிக் கவலையே படாத ஒரு கேடயத்தின் கதை.

2015 நவம்பர் 13, பாரிஸ், பட்டக்லான் அரங்கம். மாடித் தாழ்வாரம் ஒன்றில் பிணைக்கைதிகளோடு இரண்டு பயங்கரவாதிகள், கையில் ஏகே வகைத் துப்பாக்கி. பாரிஸ் காவல்துறையின் பி.ஆர்.ஐ. பிரிவு உள்ளே நுழைந்தபோது முன்னால் போனது 'ராம்சேஸ்' என்ற சக்கரம் வைத்த கேடயம். சுமார் 80 கிலோ. பின்னால் ஒரே வரிசையில் ஆட்கள். அந்தக் கேடயத்தில் 27 தோட்டாக்கள் பட்டன. உள்ளே போனவர்களில் ஒருவருக்குக் கையில் காயம். பிணைக்கைதிகள் உயிரோடு வெளியே வந்தார்கள்.

யாராவது "கனமான கேடயம் பழைய காலத்துச் சமாச்சாரம்" என்று சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். 27 அடி வாங்கி நின்றதற்குக் காரணம் அந்தக் கனம்.

ஆனால் அதே கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. தாழ்வாரத்தின் கடைசியில் சில படிகள். அங்கே கேடயம் சரிந்து விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் திறந்த வெளியில் நின்றார்கள். அதற்குமேல் நடந்தது அவர்களுடைய துணிச்சல். கேடயத்துக்கு அதில் பங்கு இல்லை.

80 கிலோவைச் சக்கரம் சுமக்கும், தரை சமமாக இருக்கும் வரைக்கும்.

ஜூன் 10

"படி ஏறும் சக்கரம் போடலாமே, தண்ணி கேன் ஏற்றுகிறவர்கள் வைத்திருக்கிற மூன்று சக்கர டிராலி மாதிரி" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். சிரித்துவிட்டு யோசித்தேன். ஏற்றத்துக்குச் சரி. பின்னாலிருந்து இழுக்கும் வேலை அது. கேடயத்தை முன்னால் தள்ள வேண்டும். தண்ணி கேனைத் தள்ளிக்கொண்டே மாடி ஏறிப் பாருங்கள்.

ஜூன் 14

ஜன்னல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வலிக்கிற இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

கேடயத்தில் தெரியும் அந்தச் சின்னக் கண்ணாடிதான் உள்ளதிலேயே கனமான பகுதி. கைத்துப்பாக்கியைத் தாங்க அக்ரிலிக், பாலிகார்பனேட் அடுக்கு 30 மி.மீ. அளவுக்கு வேண்டும். சதுர மீட்டருக்கு 36 கிலோ. பக்கத்தில் இருக்கும் தட்டு ஆறு கிலோதான் என்பதை நினைவில் வையுங்கள். 10க்கு 25 செ.மீ. ஜன்னல் ஒன்றே 900 கிராம். அதே பரப்புக்குத் தட்டு என்றால் 150 கிராம். ரைஃபிள் என்றால் கண்ணாடியும் பாலிகார்பனேட்டும் கலந்து 50 மி.மீ.க்கு மேல் போக வேண்டும். சதுர மீட்டருக்கு நூறு கிலோவைத் தாண்டிவிடும். அந்தக் குட்டி ஜன்னல் இரண்டரை கிலோ. அதைச் சுற்றிச் சட்டம், போல்ட்டு, மூட்டை மறைக்கும் பட்டி எல்லாம் தனி.

இவ்வளவும் எங்கே இருக்கிறது? கண் மட்டத்தில், உச்சியில். கேடயத்தின் எடை மையத்தை மேலே தூக்கிவிடும். பையன் கையில் பலகை ஏன் முதலில் முன்னால் சாய்ந்தது என்று 5ஆம் தேதி புரியவில்லை. மணல் பையை மேலேதான் ஒட்டியிருந்தேன். இப்போது புரிகிறது.

இன்னொரு வேதனை. இந்த அடுக்குக் கண்ணாடி வெயிலில் கிடந்தால் மங்கும். ஓரத்தில் காற்று புகுந்து குமிழ் விடும். நாங்கள் செய்த ஒன்று இரண்டு கோடையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அதன் வழியாக என் மேஸ்திரியின் முகம் கண்புரை வந்தவன் பார்ப்பது மாதிரி தெரிந்தது.

ஜன்னலே வேண்டாம் என்று விட்டவர்களும் இருக்கிறார்கள். ஓரத்தால் எட்டிப் பார்ப்பது, அல்லது ஒரு கேமரா. கேமரா என்றால் பேட்டரி. பேட்டரி தீரும் நேரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, எல்லோர் வீட்டிலும் டார்ச் லைட் இருக்கிறது.

ஜூன் 15

நேற்று ஜன்னலைப் பற்றிப் பேசியதும் இது நினைவுக்கு வந்தது. முதல் உலகப் போர் சமயத்தில் கனடாவின் ராணுவ அமைச்சர் சாம் ஹியூஸ் ஒரு மண்வெட்டி வாங்கினார். தோண்டவும் தோண்டலாம், தரையில் ஊன்றிக் கேடயமாகவும் வைத்துக்கொள்ளலாம். குறிபார்த்துச் சுட வசதியாக நடுவில் ஒரு ஓட்டை. காப்புரிமை அவருடைய செயலாளர் ஈனா மெக்காடம் பெயரில். 25,000 வாங்கினார்கள்.

ஓட்டை வழியாக மண் ஒழுகியது. தகட்டைத் தோட்டா துளைத்தது. தூக்கி நடக்கவும் கனம். கடைசியில் பழைய இரும்புக்குப் போனது.

ஒரே பொருளில் இரண்டு வேலை என்று யாராவது விற்க வந்தால் இதைக் கேளுங்கள்: மண் ஒழுகுமா?

ஜூன் 22

"தோட்டா பட்டால் ஆள் பின்னால் தூக்கி எறியப்பட மாட்டாரா?" என்ற கேள்விக்கு. மாட்டார். சினிமாவில்தான் எறியப்படுவார். ஏகே தோட்டா 8 கிராம், நொடிக்கு 715 மீட்டர். பெருக்கினால் 5.7. கிரிக்கெட் பந்து 160 கிராம், மணிக்கு 130 கி.மீ. வேகம். அதைப் பெருக்கினாலும் கிட்டத்தட்ட அதேதான், 5.8. தள்ளு அளவில் இரண்டும் ஒன்று. ஆற்றலில் மட்டும் தோட்டா இருபது மடங்கு. அந்த இருபது மடங்கையும் தட்டு தன்னை நசுக்கிக்கொண்டு தின்ன வேண்டும்.

பிரச்சினை அங்கேதான். பாலிஎத்திலீன் தோட்டாவைப் பிடிக்கும்போது பின்பக்கம் புடைக்கும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள். உள்ளங்கை அளவுக்கு, சில செ.மீ. உயரத்துக்கு ஒரு கூம்பு. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? முன்கை. கேடயத்தின் வாரில் மாட்டிய எலும்பு.

1985இல் வந்த என்.ஐ.ஜே. பொருள் தரச் சோதனையில் தட்டுக்குப் பின்னால் 15 செ.மீ. தள்ளி மெல்லிய அலுமினியத் தகடு வைப்பார்கள். அதில் ஓட்டை விழாவிட்டால் தேர்ச்சி. கேடயங்களை நெடுங்காலம் இதைக் காட்டித்தான் விற்றார்கள். 15 செ.மீ. தள்ளிக் கை வைத்திருக்கும் மனிதனை நான் பார்த்ததில்லை. தோட்டா உள்ளே வரவில்லை, கை உடைந்தது, காகிதத்தில் பாஸ்.

ஆகவே வாருக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும், அதில் நுரை வேண்டும். இடைவெளி விட்டால் கேடயம் உடம்பை விட்டுத் தள்ளிப் போகும். 5ஆம் தேதிக் கணக்கு அங்கே வந்து நிற்கும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குட்டையாகும் போர்வைதான்.

போல்ட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் கைப்பிடிக்காகத் தட்டைத் துளைத்து நாலு சாதாரண போல்ட்டு போட்டோம். துளை போட்டதும் நான்தான். யாருக்கும் தோன்றவில்லை. சோதனைக்குப் போன இடத்தில் ஒரு தோட்டா போல்ட்டின் தலையிலேயே பட்டது. போல்ட்டே தோட்டாவாகிப் பின்னால் இருந்த மரப்பலகையில் ஏறி நின்றது. தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பலகையைக் கொண்டுவந்து பிரஸ் பக்கத்தில் மாட்டி வைத்தார்கள், நான் தினமும் பார்க்கிற மாதிரி. அப்புறம் பசையில் ஒட்டும் கைப்பிடிக்கு மாறினோம். கோடையில் பசை இளகியது தனிக்கதை.

ஜூன் 28

மடக்கும் கேடயம் பற்றிக் கேட்டவருக்கு. 2017இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் லாரி ஹவல் குழுவினர் ஒன்று செய்து காட்டினார்கள். காகித மடிப்புக் கலையில் யோஷிமுரா என்று ஒரு மடிப்பு. அந்த வடிவில் பன்னிரண்டு அடுக்கு கெவ்லார், குண்டு துளைக்காத உடுப்புகளில் போடும் நார்த்துணி. ஐந்து நொடியில் விரியும், வளைந்து தானாக நிற்கும், இரண்டு மூன்று பேர் ஒளியலாம். எடை 25 கிலோ. அந்த வேலைக்கு அதுவரை இருந்த எஃகுத் தடுப்புகள் 45 கிலோ போல. கைத்துப்பாக்கித் தோட்டாக்களை, .44 மேக்னம் உட்பட, தடுத்தது.

ரைஃபிளுக்கு ஆகாது. ஆனால் எனக்குப் பிடித்தது வேறு: அது தரையில் நிற்கிறது. யார் தூக்குவது என்ற ஏட்டையாவின் கேள்விக்கு "பூமி தூக்கட்டும்" என்று சொன்ன பதில் அது.

ஜூலை 2

கிராஃபீன், சிலந்தி நூல் என்று வரிசையாக இணைப்புகள் அனுப்புகிறீர்கள். படிக்கிறேன். ஆனால் சைலான் என்ற பெயரை யாரும் சொல்லவில்லையே.

சைலான், ஜப்பானில் செய்த நார். கெவ்லாரைவிட வலு அதிகம். மெல்லிய, லேசான உடுப்புக் கவசம் தைத்தார்கள், போலீஸ்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். 2003இல் பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் ஊரில் ஒரு காவலரின் சைலான் கவசத்தை, அது தடுத்திருக்க வேண்டிய தோட்டா துளைத்துக்கொண்டு போனது. ஈரமும் வெளிச்சமும் பட்டால் அந்த நார் வலு இழக்கும் என்று தெரியவந்தது. 2005இல் என்.ஐ.ஜே. அதைப் பட்டியலிலிருந்து எடுத்தது.

புதிதாக வந்த ஷீட்டைச் சுட்டுப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மூன்று வருடம் ஜீப்பின் பின்னால் கிடந்த பிறகு சுட்டுப் பாருங்கள். கெவ்லார் நனைந்தால் தடுக்கும் திறன் குறையும், அதனால் உறைக்குள் அடைக்க வேண்டும். பாலிஎத்திலீனுக்குத் தண்ணீர் பற்றிக் கவலை இல்லை, சூடுதான் எமன். 150 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும், ஆனால் 70, 80 வந்தாலே அதன் குணம் மாற ஆரம்பிக்கும். மே மாதம் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் கை வைத்துப் பார்த்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜூலை 6

தடம் மாறுகிறது, மன்னிக்கவும். சங்கப் பாடல்களில் கேடயத்துக்கு 'தோல்' என்று ஒரு பெயர். எதனால் செய்தார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. இன்னொரு பெயர் 'கிடுகு'. "எங்கள் ஊரில் கிடுகு என்றால் வேலி அடைக்கும் தென்னோலை" என்று யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பின்னியது என்ற பொருளில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மொழி படித்தவர்கள் திருத்தட்டும்.

நம் போலீஸ் கல்லெறிக்குப் பிடித்த பிரம்புக் கேடயத்தையும் நினைத்துக்கொண்டேன். லேசு, காற்று போகும், உடைந்தால் பின்னிக்கொள்ளலாம். எதைத் தடுக்க வந்ததோ அதை மட்டும் தடுத்தது.

ஜூலை 11

அந்தக் கடைசி வரியை எழுதிய பிறகு ஐந்து நாளாக அதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். எடையைக் குறைக்கும் பெரிய வழி புது நாரில் இல்லை, எதை மறைக்காமல் விடுவது என்ற முடிவில் இருக்கிறது. 60க்கு 90ஐ 50க்கு 80 ஆக்கினால் பரப்பு 0.40. கால் பங்குக்கு மேல் போய்விட்டது. எந்த ஆராய்ச்சியும் இல்லாமல், ஒரு ரம்பத்தால்.

உடனே ஒரு வாசகர் நெட் கெல்லியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நியாயம்தான். ஆஸ்திரேலியக் கொள்ளைக்காரன். கலப்பைத் தகடுகளை வளைத்துச் சுமார் 44 கிலோவில் கவசம் செய்து, 1880 ஜூனில் கிளென்ரோவன் ஊரில் போலீசை எதிர்த்து நின்றான். தலை, மார்பு, முதுகு எல்லாம் இரும்பு. காலில் எதுவும் இல்லை. போலீஸ் காலில் சுட்டது. விழுந்தான், பிடிபட்டான்.

ஆக, ரம்பத்தை எடுக்கும் முன் கீழே பார்க்க வேண்டும். கேடயத்தில் குட்டையாக்கினால் ஒரு வசதி, குத்துக்காலிட்டு உட்காரலாம், காலும் உள்ளே வந்துவிடும். கெல்லியால் அது முடியாது. ஆனால் உட்கார்ந்துகொண்டே தாழ்வாரத்தில் முன்னேற முடியுமா? அக்கா பையனிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் போய்விட்டான்.

ஜூலை 12

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

2022 மே 24, டெக்சாஸ், யுவால்டி. ஆரம்பப் பள்ளி. வகுப்பறைக்குள் ரைஃபிளோடு ஒருவன். 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் இறந்தார்கள். வந்து சேர்ந்த காவலர்கள் 376 பேர். கதவைத் திறந்து உள்ளே போக 77 நிமிடம் ஆனது. முதல் கேடயம் இருபது நிமிடத்துக்குள் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. முதலில் வந்தவை கைத்துப்பாக்கிக்கானவை, ரைஃபிளைத் தாங்கக்கூடியது பின்னால்தான் வந்தது. அது வந்த பிறகும் அரை மணி நேரம் அங்கே நின்றார்கள். அடுத்த மாதமே மாநில அரசு குண்டு துளைக்காத கேடயங்களுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது.

நான் இத்தனை நாள் கிராம் கணக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். கேடயம் லேசாக இருந்திருந்தால் போயிருப்பார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் வாகனத்தில் எப்போதும் கிடக்கும் கேடயத்துக்கும், தலைமையகத்திலிருந்து வரவழைக்க வேண்டிய கேடயத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. கனமானது எப்போதும் இரண்டாவது வகை. வரும்வரை காத்திருக்க ஒரு காரணமாகவும் ஆகிவிடும்.

ஜூலை 29

இரண்டு வாரம் ஊரில் இல்லை. கேள்வி கேட்டவருக்குப் பதில் பாக்கி.

ஐந்து கிலோவில் கைத்துப்பாக்கிக் கேடயம் இன்றே முடியும். 50க்கு 80, தட்டு இரண்டரை கிலோவுக்குள், சின்ன ஜன்னல், சட்டம், நுரை, வார் எல்லாம் சேர்த்து ஐந்துக்குள் நிற்கும். ஏகே-47 என்றால் தட்டு மட்டுமே எட்டு. எம்855ஐயும் சேர்த்துக் கேட்டால் செராமிக்கோடு பன்னிரண்டு. ஜன்னல் கேட்காதீர்கள். இந்த எட்டை ஐந்தாக்கும் பொருள் என் கைக்கு இதுவரை வரவில்லை.

அதனால் நான் எட்டை எட்டாகவே வைத்துக்கொண்டு பலகையைத் திருத்தினேன். 50க்கு 80. மணல் பைகளைக் கீழ்ப்பாதிக்கு மாற்றினேன். தோளிலிருந்து குறுக்காக ஒரு பள்ளிக்கூடப் பையின் வார். கை திசையை மட்டும் பார்த்துக்கொள்ளும், எடை தோளுக்குப் போய்விடும். உள்பக்கம் யோகா பாயை வெட்டி ஒட்டினேன். பையன் வர மறுத்துவிட்டான். என் மகள் எடுத்தாள், ஐந்தடி இரண்டு அங்குலம். மூன்று மாடி ஏறினாள். பலகை மூன்றாவது மாடியிலும் மூக்கு மட்டத்தில் இருந்தது. இறங்கும்போதுதான் சிக்கல், கீழ் ஓரம் படியில் தட்டுகிறது. முட்டியை மடக்க இடம் இல்லை. இடது கைக்காரி என்பதால் வாரையும் தலைகீழாக மாட்ட வேண்டியிருந்தது, நான் ஒரு பக்கம்தான் கொக்கி வைத்திருந்தேன்.

கீழ் ஓரத்தை இரண்டு மூலையிலும் சாய்வாக வெட்டச் சொல்லியிருக்கிறாள். கொக்கி இரண்டு பக்கமும். ஞாயிற்றுக்கிழமை ரம்பம் கிடைக்கும்.